பாலம் கட்டும் பொறியாளர் படையைக் காலாட்படையாகப் போரில் இறக்கினால் தாக்குப்பிடிக்குமா?

பாலம் கட்டவும் சாலை சீரமைக்கவும் அனுப்பப்பட்ட வீரர்கள் துப்பாக்கி ஏந்தி ஓர் ஊரையே காத்து நின்றதாகச் சொல்லப்படுவது மிகையா என்று கேட்டிருக்கிறீர்கள். மிகையில்லை. ஆனால் அவர்கள் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பது அவர்களுடைய துணிச்சலைவிட, அவர்களுக்குப் பின்னால் எந்தப் படை எப்போது வந்து சேர்கிறது என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப் பகுதியில் நடந்த சண்டைகளில் இதைத் தெளிவாகக் காணலாம். குறிப்பாக, செயின்ட் வித் என்ற சிறு நகரத்தின் கதையை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் இந்தப் படை எத்தகையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அன்றைய அமெரிக்கப் படையில் போர்ப் பொறியாளர் பட்டாலியன் ஒன்றில் ஏறத்தாழ 650 பேர் இருந்தார்கள் (பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன், ரெஜிமென்ட், டிவிஷன் என்பவை சிறியதிலிருந்து பெரியதாகச் செல்லும் படை அலகுகள்). கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது, பாலம் போடுவது, தகர்ப்பது, சாலையைப் பராமரிப்பது ஆகியவை அவர்களுடைய அன்றாட வேலை. தேவைப்பட்டால் காலாட்படையாகப் போரிட வேண்டும் என்பதும் அவர்களுடைய கடமைகளில் ஒன்றாக எழுதப்பட்டே இருந்தது. ஆகவே துப்பாக்கிப் பயிற்சி இல்லாதவர்களைக் களத்தில் தள்ளினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியப் படையின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் உறவினர் ஒருவர், பெங்களூரில் தாம் முதலில் கற்றது துப்பாக்கியும் அணிவகுப்பும்தான், பாலமெல்லாம் பிறகுதான் வந்தது என்று சொல்வார். எல்லா நாட்டுச் சாப்பர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். குறை பயிற்சியில் இல்லை, தளவாடத்தில்தான் இருந்தது. அந்த அமெரிக்கப் பட்டாலியன்களிடம் ரைஃபிள்களும் இயந்திரத் துப்பாக்கிகளும், தோளில் வைத்து டாங்கிகளைச் சுடும் பசூக்கா ராக்கெட் குழாய்களும் இருந்தன. ஆனால் காலாட்படைப் பட்டாலியனிடம் இருப்பதுபோல் சொந்த மோர்ட்டார்கள் (குண்டை மேல்நோக்கி எறியும் சிறு பீரங்கிகள்) இல்லை, டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை, பின்னாலிருக்கும் பீரங்கிப் படைக்கு இலக்கு சொல்லிச் சுடவைக்கும் ஏற்பாடும் அவர்களுடைய அமைப்பில் இல்லை.

1944 டிசம்பர் 16 அதிகாலையில் ஜெர்மானியர்கள் ஆர்டென் முனையில் எதிர்பாராத பெருந்தாக்குதலைத் தொடங்கியபோது, செயின்ட் வித்தில் தலைமையகம் வைத்திருந்தது அமெரிக்காவின் 106ஆவது காலாட்படை டிவிஷன். அது முன்னணிக்கு வந்து ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அதன் மூன்று ரெஜிமென்ட்களில் இரண்டு, கிழக்கே ஷ்னீ ஐஃபல் மேட்டில் நீண்டு பரந்த ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தன. பல சாலைகளும் ரயில் பாதைகளும் செயின்ட் வித்தில் வந்து கூடின. மலையும் காடும் நிறைந்த அந்தப் பகுதியில் லாரிகளும் டாங்கிகளும் மேற்கு நோக்கிச் செல்ல வேண்டுமானால் இத்தகைய சந்திப்பு ஊர்களின் வழியாகத்தான் செல்ல முடியும். ஜெர்மானியத் தளபதி ஹாஸோ ஃபான் மான்டாய்ஃபல் 17ஆம் தேதிக்குள் அந்த ஊரைக் கைப்பற்றிவிட எண்ணியிருந்ததற்கு இதுவே காரணம்.

அந்த டிவிஷனின் சொந்தப் பொறியாளர் படை 81ஆவது போர்ப் பொறியாளர் பட்டாலியன். அதன் ஏ கம்பெனி அவ் என்ற எல்லைக் கிராமத்தில் வீடுகளில் தங்கிச் சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே முதல் நாளன்று ஜெர்மானியர்கள் டாங்கிகளோடு வந்துவிட்டார்கள். ஒரு பிளட்டூன் ஒரு வீட்டுக்குள் சிக்கிக்கொண்டபோது, எட்வர்ட் விதீ என்ற வீரர் தாம் மட்டும் பின்தங்கிச் சப்மெஷின் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் பின்வழியாகத் தப்பினார்கள். அவர் உயிரோடு சிறைபிடிக்கப்பட்டார். பின்னர் அவருக்கு டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் என்ற உயர் வீர விருது வழங்கப்பட்டது. பொறியாளர்கள் எவரையும் யோசித்துத் திட்டமிட்டுக் காலாட்படையாக மாற்றுவதற்கு முன்பே, போர் அவர்களைத் தேடி வந்து மாற்றிவிட்டது என்பதற்காகவே இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

மறுநாள் 17ஆம் தேதி காலையில் ஷோன்பெர்க் கிராமத்துப் பாலம் ஜெர்மானியர்களின் கையில் விழுந்தது. முன்னணியில் இருந்த இரண்டு ரெஜிமென்ட்களும் பின்வழி அடைபட்டுப் போயின (19ஆம் தேதி அவை சரணடைந்தன). ஷோன்பெர்க்கிலிருந்து செயின்ட் வித் வரையிலான சாலையில் எதிரியைத் தடுக்க ஒழுங்கான படை எதுவும் இல்லை. டிவிஷன் தளபதி ஆலன் ஜோன்ஸிடம் அனுப்புவதற்குக் காலாட்படை மிச்சமில்லை. கையில் இருந்தவர்கள் 81ஆவது பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாமஸ் ரிக்ஸும், அவரிடம் எஞ்சியிருந்த சொற்ப வீரர்களும், மேல்நிலைப் படைத் தலைமையின் கீழ் அந்தப் பகுதியில் இருந்த 168ஆவது போர்ப் பொறியாளர் பட்டாலியனும்தான். போய்ச் சாலையை மறியுங்கள் என்று ரிக்ஸுக்கு உத்தரவு கிடைத்தது.

ஷோன்பெர்க் சாலையில் முன்னேறிச் செல்ல முடியாத அளவுக்கு எதிரி நெருங்கிவிட்டதால், ஊருக்குச் சற்றுக் கிழக்கே புரூமர்பெர்க் என்ற மரங்கள் அடர்ந்த மேட்டில் சாலையின் இருபுறமும் குழி தோண்டி அமர்வது என்று முடிவாயிற்று. இடத்தைத் தேர்ந்தது நல்ல முடிவு என்றே படுகிறது. ஊருக்குள் இறங்கிச் சுவர்களுக்கு இடையே சண்டையிட்டிருந்தால், சில நூறு பேரைச் சுற்றிவளைத்துவிட்டு எதிரி தன் வழியே போயிருப்பான். மேட்டில் இருந்தபோது, டாங்கிகள் வந்தே ஆக வேண்டிய ஒரே சாலை அவர்களுடைய பசூக்காக்களுக்கு முன்னால் இருந்தது. அன்று பிற்பகலில் ஜெர்மானிய 18ஆவது ஃபோக்ஸ்கிரனடியர் (காலாட்படை) டிவிஷனின் முன்னணி வந்து மோதியது, மேடு விழவில்லை.

அங்கே நின்றவர்கள் எதிரியைத் தோற்கடிக்கவில்லை, தாமதப்படுத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நெதர்லாந்துப் பகுதியிலிருந்து புறப்பட்ட 7ஆவது கவசப் படை டிவிஷன் அதே நேரத்தில் செயின்ட் வித்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆனால் எதிர்த் திசையில் பின்வாங்கி ஓடிவந்த லாரிகளும் பீரங்கி வண்டிகளும் சாலையை அடைத்துக்கொண்டதால் அதன் டாங்கிகள் ஊர்ந்துதான் வர முடிந்தது. அதன் ஒரு பிரிவின் தளபதி புரூஸ் கிளார்க் காலையிலேயே ஊருக்கு வந்துவிட்டாலும், அவருடைய முதல் படைகள் மாலை 4 மணியளவில்தான் வந்து சேர்ந்தன. அந்த இடைவெளியில் ஷோன்பெர்க் சாலையில் இருந்தவர்கள் பொறியாளர்கள்தான். அவர்கள் அங்கே இல்லாதிருந்தால் கிளார்க்கின் டாங்கிகள் வந்து சேரும்போது செயின்ட் வித் அமெரிக்கர்களின் கையில் இருந்திருக்காது. கவச வண்டிகளில் செல்லும் 87ஆவது ‘குதிரைப்படை’ வேவுப் பிரிவின் வீரர்களும், பிறகு 38ஆவது கவசக் காலாட்படைப் பட்டாலியனும் அந்த மேட்டுக்கு வந்து வரிசையை நிரப்பின. அந்தப் பகுதியின் பொறுப்பை லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ஃபுல்லர் ஏற்க, ரிக்ஸ் அவருக்குத் துணையாகத் தொடர்ந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மாற்றுப்படை வந்தவுடன் பொறியாளர்களைப் பின்னுக்கு இழுத்து, அவர்களுடைய சொந்த வேலைக்கு அனுப்பியிருக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் வரிசையில் ஒருவர் விலகினாலும் ஓட்டை விழும் என்ற நிலையில் கிளார்க்கால் அதைச் செய்ய முடியவில்லை. ஆகவே அவர்கள் பனியிலும் சேற்றிலும் அதே குழிகளில் 21ஆம் தேதி வரை கிடந்தார்கள். அன்று பிற்பகலில் கடும் பீரங்கி வீச்சு மேட்டின் மீது விழுந்தது. காட்டுக்குள் குண்டு மரக்கிளைகளில் பட்டு வெடித்தால் துண்டுகள் மேலிருந்து மழையாக இறங்கும். மேல்மூடி இல்லாத குழிக்குள் இருப்பவனுக்கு அதிலிருந்து பாதுகாப்பு இல்லை. இருட்டிய பின் ஷோன்பெர்க் சாலை வழியாக டைகர் டாங்கிகள் ஏறி வந்தன. அவை ஒளிக்குண்டுகளைச் சுட்டு, எதிரே நின்ற அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளின் வீரர்களைக் கண்கூச வைத்துவிட்டு அவற்றைத் தகர்த்தன. அதன் பிறகு சாலை திறந்துகொண்டது. ஊரைக் கைவிட்டு மேற்கே புதிய வரிசை அமைக்கக் கிளார்க் உத்தரவிட்டபோது, மேட்டில் இருந்தவர்கள் எதிரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரிக்ஸ் எஞ்சியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தப்பச் சொன்னார், அவரும் பிடிபட்டார். பின்னர் போலந்தில் இருந்த போர்க்கைதி முகாமிலிருந்து தப்பி, முன்னேறி வந்த சோவியத் டாங்கிப் படை ஒன்றோடு சேர்ந்து, நெடுந்தூரம் சுற்றி வந்து தம் பட்டாலியனிலேயே மீண்டும் பொறுப்பேற்றார். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம்.

இதே நாட்களில் வடக்கே நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு இன்னொரு பக்கமும் தெரியும். ட்ருவா-பொன் என்ற ஊரில் அம்ப்ளேவ் ஆறும் சால்ம் ஆறும் கூடுகின்றன. 51ஆவது போர்ப் பொறியாளர் பட்டாலியன், குளிர்காலக் கொட்டகைகளுக்காக மரம் அறுக்கும் ஆலைகளை அதுவரை நடத்திக்கொண்டிருந்தது. அதன் சி கம்பெனி, ஏறத்தாழ 140 பேர், 17ஆம் தேதி இரவு அங்கே அனுப்பப்பட்டது. மறுநாள் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்எஸ்ஸின் தளபதி யோஆகிம் பைப்பரின் டாங்கி வரிசை அம்ப்ளேவ் பாலத்தை நெருங்கியபோது, 526ஆவது கவசக் காலாட்படைப் பட்டாலியனின் ஒரு 57 மில்லிமீட்டர் பீரங்கி முதல் டாங்கியை நிறுத்திச் சற்று நேரம் வாங்கிக் கொடுத்தது. அதன் வீரர்கள் 4 பேர் இறந்தார்கள். அதற்குள் பொறியாளர்கள் பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். பிறகு சால்ம் பாலங்களும் போயின. வடக்கே திரும்பிச் சுற்றிப் போன பைப்பர், அன்று மாலையே லியென் ஓடையின் பாலத்தை நெருங்கியபோது அதையும் 291ஆவது பட்டாலியனின் வீரர்கள் அவருடைய கண்முன்னே தகர்த்தார்கள். 24ஆம் தேதி அவர் வாகனங்களையெல்லாம் லா க்ளேஸ் கிராமத்தில் விட்டுவிட்டு, ஏறத்தாழ 800 பேரோடு கால்நடையாகத் தப்பிச் செல்ல நேர்ந்தது.

பாலம் போனதால் மட்டும் ட்ருவா-பொன் தப்பவில்லை. ஆற்றின் மறுகரையில் எதிரி இருக்க, மேஜர் ராபர்ட் யேட்ஸின் தலைமையில் அந்தச் சிறு படை அடுத்த படை வரும்வரை ஊரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரவில் லாரிகளை விளக்கணைத்து ஊருக்கு வெளியே ஓட்டிச் சென்று, விளக்கேற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதிய படை வந்து இறங்குவதுபோல் எதிரிக்குத் தெரிய வேண்டும் என்பது திட்டம். ஒரு கனரக லாரியின் சக்கரங்களில் சங்கிலி கட்டி, டாங்கி நகரும் ஓசை எழும்படி முன்னும் பின்னும் ஓட்டினார்கள். கடைசியில் 82ஆவது வான்குடைப் படை வந்து சேர்ந்தபோது, நாங்கள் இங்கே இருப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சிதானே என்று யேட்ஸ் அவர்களைப் பார்த்துக் கேட்டதாகச் சொல்வார்கள். 140 பேர் ஒரு டிவிஷனைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்பதால் இன்றும் சிரிப்பு வருகிறது.

செயின்ட் வித்தில் இருந்தவர்களைவிட ட்ருவா-பொன்னில் இருந்தவர்கள் சிறந்த வீரர்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஆறும் பாலமும் இருந்த இடத்தில் பொறியாளர்களுக்குத் தெரிந்த வேலை அப்படியே ஆயுதமாகியது. புரூமர்பெர்க் மேட்டிலோ தகர்க்கப் பாலமில்லை, வெறும் சாலையும் காடும்தான்; அங்கே அவர்கள் மோர்ட்டார் இல்லாத காலாட்படையாக மட்டுமே இருக்க முடிந்தது. ஆர்டெனின் இன்னொரு சந்திப்பு ஊரான பாஸ்டோன் அருகே நெஃப் பகுதியில் நின்ற 158ஆவது பட்டாலியனின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அங்கே பெர்னார்ட் மிச்சின் என்ற வீரர் ஜெர்மானிய டாங்கி ஒன்று 10 கஜம் வரை நெருங்கக் காத்திருந்து பசூக்காவால் சுட்டார். டாங்கி அழிந்தது, வெடிப்பின் வீச்சில் அவருடைய கண்பார்வை சில மணி நேரம் போயிற்று. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி இல்லாத படை, அதன் வேலையைச் செய்ய ஒரு மனிதனை இவ்வளவு அருகில் நிறுத்த வேண்டியிருந்தது.

தாக்குதலுக்காகப் பொறியாளர்களைப் பயன்படுத்திய கதைக்கு வோல்கா கரையிலுள்ள சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடில் நடந்த போர் போதும். 1942 நவம்பர் 11 அன்று தொடங்கிய ஹூபர்ட்டஸ் நடவடிக்கைக்காக ஜெர்மானியர்கள் கூடுதல் பயனியர் (போர்ப் பொறியாளர்) பட்டாலியன்களைப் பாரிகாடி பீரங்கித் தொழிற்சாலைப் பகுதியில் குவித்தார்கள். வெடிபொதிகளும் தீ வீசும் கருவிகளும் கொண்டு, கமிசார் வீடு போன்ற, காலாட்படையால் முடியாத கட்டடங்களைக்கூட அவர்கள் பிடித்தார்கள். பிடித்ததைத் தக்கவைத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை தள்ளிச் செல்லப் பின்னால் போதிய காலாட்படை இல்லை. கர்னல் லூட்னிகோவின் 138ஆவது டிவிஷன் வோல்கா கரையில் ஒரு சிறு துண்டு நிலத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்துக்குப் பின் நவம்பர் 19 அன்று சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கியபோது, அந்தப் பயனியர்களில் பெரும்பகுதியினர் தெருச்சண்டையில் செலவழிந்து போயிருந்தார்கள்.

தளபதிகள் இதைத் தெரிந்தும் ஏன் செய்கிறார்கள் என்றால், நெருக்கடி நேரத்தில் முன்னணிக்கும் தலைமையகத்துக்கும் இடையே அதிகாரிகளோடும் லாரிகளோடும் ஆயுதங்களோடும் கட்டுக்கோப்பாக இருக்கும் ஒரே படை பெரும்பாலும் இவர்கள்தான். சமையல்காரர்களையும் எழுத்தர்களையும் திரட்டி ஒரு வரிசை அமைக்க அரை நாள் ஆகும். பொறியாளர் கம்பெனியை ஒரே உத்தரவில் அனுப்பலாம். ஆனால் பயிற்சி பெற்ற பொறியாளர்களை அவ்வளவு விரைவில் மீண்டும் உருவாக்க முடியாது. டிசம்பர் 17 அன்று ஜோன்ஸ் எடுத்த முடிவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவருக்கு வேறு வழியே இல்லை. 18 முதல் 21 வரை அவர்களை அதே குழிகளில் விட்டதைப் பற்றி மட்டும் கேள்வி எழுப்பலாம். அங்கும் அவர்களுக்குப் பதிலாக அனுப்ப யார் இருந்தார்கள் என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பெயர் சொல்ல ஒரு படைப்பிரிவும் இல்லை. செயின்ட் வித்தை மீட்க 1945 ஜனவரி 23 வரை ஆயிற்று. மீட்டது அதே கிளார்க்கின் பிரிவு. நேச நாட்டு விமானங்கள் கிறிஸ்துமஸை ஒட்டிக் குண்டு வீசியிருந்ததால் ஊரில் நிமிர்ந்து நின்ற கட்டடம் மிக அரிது, தெருக்களின் இடிபாடுகளை அகற்றும் வேலை பொறியாளர்களிடம் வந்து சேர்ந்தது.