கூட்டாகச் செய்யும் பெல்ட் கிரைண்டர்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டோடு சின்ன லேத் வைத்திருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, 50 மி.மீ. அகலமும் 1830 மி.மீ. சுற்றளவும் உள்ள எமரி பெல்ட் ஓடும் கிரைண்டர் ஒன்றை வரைந்து செய்துகொண்டிருக்கிறோம். சட்டம் வாழைச்சேனையில், சக்கரங்கள் கல்முனையில், அச்சுகள் ஏறாவூரில். படத்தைப் பகிர்ந்ததில் இருந்து கேள்விகள் குவிகின்றன. லேத் வேலை, பேரிங், மோட்டர் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

சம்மாந்துறையில் இருந்து: அண்ணா, நாங்களும் நாலு பேர் சேர்ந்து ஒன்று செய்ய யோசிக்கிறம். வரைபடம் போட்டுவிட்டு ஆளுக்கொரு பாகமாகப் பிரித்தால் சரியா?

படத்தை இப்போது தொடாதீர்கள் தம்பி. காசு கொடுத்து வாங்கும் சாமான்களை முதலில் வாங்குங்கள்: மோட்டர், பேரிங், பெல்ட். அவற்றை மேசையில் வைத்து அளந்த பிறகு வரையுங்கள். 0.75 கிலோவாட் இரண்டு துருவ (நிமிடத்துக்கு 2850 சுற்று அளவில் ஓடும்) மோட்டருக்கு அச்சு வழக்கமாக 19 மி.மீ., 1.5 கிலோவாட்டுக்கு 24 மி.மீ. காலில் உள்ள துளைகளின் இடைவெளியும் வேறு. "எப்படியும் ஒன்று கிடைக்கும்" என்று படம் போட்டால், சக்கரம் கடைந்து முடிந்த பிறகுதான் மோட்டர் அதற்குள் போகாது என்பது தெரியவரும்.

அடுத்தது, எல்லோரும் ஒரே அளவு முறைக்கு வாருங்கள். ஒருவர் மி.மீ., இன்னொருவர் அங்குலமும் நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) என்று போனால் கடைசியில் போல்ட்டில்தான் சண்டை வரும். எம்10 போல்ட்டும் 3/8 அங்குல போல்ட்டும் கண்ணுக்கு ஒன்று போலத்தான். எம்10க்கு மரை இடைவெளி 1.5 மி.மீ., பழைய பிரிட்டிஷ் 3/8க்கு அங்குலத்துக்கு 16 மரை. இரண்டு சுற்று போய் இறுகும், ஸ்பானரைப் போட்டு இழுத்தால் மரை கழன்றுவிடும்.

கல்முனையில் இருந்து: சக்கரத்துக்குள் 6203 பேரிங் இரண்டு போகுது. அச்சில் இறுக்கமா, சக்கரத்தில் இறுக்கமா? ஏறாவூர் நண்பர் ஒன்று சொல்றார், நான் ஒன்று சொல்றன்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மோட்டரில் அச்சு சுற்றும், அதனால் பேரிங்கின் உள்வளையம் அச்சில் இறுக்கமாக உட்காரும். நம்முடைய கிரைண்டரில் பெல்ட்டைத் தாங்கிச் சும்மா சுற்றும் சக்கரங்களில் அச்சு அசையாது, சக்கரம்தான் சுற்றுகிறது. ஆகவே நேர்மாறு: வெளிவளையம் சக்கரத்தில் இறுக்கம், உள்வளையம் அச்சில் கையால் தள்ளினால் போகும் அளவு. மாறிச் செய்தால் வெளிவளையம் சக்கரத்துக்குள் மெல்ல ஊர்ந்து, துளையைத் தேய்த்துப் பெரிதாக்கிவிடும்.

6203இன் வெளிவிட்டம் 40 மி.மீ., உள்விட்டம் 17, தடிப்பு 12. இரும்புச் சக்கரத்துக்கு 39.98க்குத் துளை கடையுங்கள். ஆனால் உங்கள் வேனியர் 39.98 காட்டும் இடத்தில் அவருடையது 40.02 காட்டலாம், இரண்டையும் நம்பி இந்த வேலை செய்ய முடியாது. நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், 39.98க்கு உரைத்த ஒரு இரும்புத் துண்டையும் ஒரு பேரிங்கையும் ஒரே டப்பாவில் போட்டு, அக்கரைப்பற்று பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறோம். யார் கடைந்தாலும் அந்தத் துண்டு மட்டுமட்டாகப் போனால் சரி. அளவு பற்றிய வாக்குவாதம் அதோடு நின்றது.

இன்னொன்று. இரண்டு பேரிங்கின் உள்வளையங்களுக்கு இடையில் ஒரு குழாய்த் துண்டு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நெரிபட்டுக் கொதிக்கும். வெளிவளையங்கள் உட்காரும் படிகளுக்கு இடையிலான தூரத்தை விட அந்தக் குழாய் 0.05 மி.மீ. நீளமாக இருக்கட்டும். போல்ட்டை முழுக்க இறுக்கிய பிறகும் சக்கரம் விரலால் தட்டினால் சுற்ற வேண்டும். இறுக்கும்போது சக்கரம் சுற்றக் கனத்தால், குழாயின் நீளம் குறைவு என்று அர்த்தம்.

காத்தான்குடியில் இருந்து: வீட்டில் சும்மா கிடக்கும் தண்ணி மோட்டருக்கு விஎப்டி (மோட்டரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) போட்டு வேகத்தைக் குறைக்கலாமா காக்கா?

முடியாது. அது கெப்பாசிட்டர் வைத்த ஒற்றைப் பேஸ் மோட்டர், கெப்பாசிட்டர் 50 ஹேர்ட்ஸுக்குக் கணக்குப் பண்ணியது. நமக்கு வேண்டியது மூன்று பேஸ் மோட்டர். தகட்டில் "டெல்ட்டா 230, ஸ்டார் 400" என்று இருக்கிறதா பாருங்கள்; டெல்ட்டா, ஸ்டார் என்பவை மோட்டரின் கம்பிகளை இணைக்கும் இரண்டு முறைகள். வீட்டு 230 வோல்ட் ஒற்றைப் பேஸை விஎப்டிக்குள் கொடுத்தால் அது 230 வோல்ட் மூன்று பேஸாக வெளியே தரும், மோட்டரை டெல்ட்டாவில் இணைக்க வேண்டும். ஸ்டாரிலேயே விட்டால் ஓடும், ஆனால் பலம் இராது.

கல்லடியில் இருந்து: பெல்ட் ஒரு பக்கமாக ஓடிப் போகுது. எல்லாச் சக்கரத்துக்கும் நடுவில் மேடு வைக்கவா?

ஒன்றுக்கு மட்டும், மேலே சாய்த்துத் திருப்பும் சக்கரத்துக்கு. 50 மி.மீ. அகலத்தில் நடு மூன்றில் ஒரு பங்கைத் தட்டையாக விட்டு, லேத்தின் மேல் ஸ்லைடை 1 பாகை திருப்பி இரண்டு பக்கமும் சரிவாகக் கடையுங்கள். ஓரத்தில் 0.3 மி.மீ. அளவு இறங்கும், போதும். எல்லாவற்றுக்கும் மேடு வைத்தால் பெல்ட்டின் நடு இழுபட்டு ஒட்டு சீக்கிரம் விடும். சரி, லேத்தில் நிற்கும்போது சாரத்தோடும் கையுறையோடும் நிற்காதீர்கள். இரண்டையும் சக் (துண்டைப் பிடித்துச் சுற்றும் பாகம்) சுருட்டி எடுத்தால் கையும் சேர்ந்துதான் போகும்.

அக்கரைப்பற்றில் இருந்து: தம்பி, விஎப்டி எல்லாம் எதற்கு? எங்கட வாப்பா காலத்தில் இருந்து மூன்று படிக் கப்பியும் வி-பெல்ட்டும்தான். கெட்டால் நாமே திருத்தலாம்.

காக்கா, உங்கள் பேச்சில் நல்ல நியாயம் இருக்கு. கப்பியால் வேகத்தைப் பாதியாக்கினால் முறுக்குவிசை இரட்டிக்கும், மோட்டரின் வலு அப்படியே வந்து சேரும். விஎப்டியால் 25 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால் முறுக்குவிசை கூடாது, வலு பாதியாகிவிடும். ஆனால் இந்த மெசினில் இரும்பைக் கரடாக எடுப்பது உச்ச வேகத்தில். 150 மி.மீ. சக்கரத்தை நிமிடத்துக்கு 2850 சுற்றில் ஓட்டினால் பெல்ட் விநாடிக்கு 22 மீற்றருக்கு மேல் போகும். கத்தி முனை தீட்டத்தான் 5 மீற்றருக்கு வருகிறோம், அந்த வேலைக்குப் பாதி வலுகூடத் தேவையில்லை.

ஏறாவூரில் இருந்து: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். வாவிக் கரை உப்புக் காற்றுக்கு விஎப்டி தாங்காது. என் நண்பருடையது எரிந்தே போய்விட்டது.

உப்பும் கெடுக்கும்தான், ஆனால் கிரைண்டருக்குப் பக்கத்தில் எரிகிறது என்றால் நான் முதலில் இரும்புத் தூளைத்தான் சந்தேகிப்பேன். உள்ளே இருக்கும் சின்ன விசிறி தூளை இழுத்து மின்தகட்டில் படிய வைக்கும், மாரியில் அது ஈரம் பட்டதும் வேலை முடிந்தது. பொறி பறக்காத பக்கத்துச் சுவரில், காற்று வடிகட்டி வைத்த பெட்டிக்குள் மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அக்கரைப்பற்று மீண்டும்: பார்த்தீங்களா, பெட்டி, வடிகட்டி, இடிக்குக் கழற்றுவது. கப்பிக்கு இது ஒன்றும் வேண்டாம். மெதுவாக ஓட்டினால் மோட்டர் கொதிக்கும் என்றதையும் நீங்கள் சொல்லவில்லை.

கொதிக்கும், உண்மை. மோட்டரின் விசிறி அதே அச்சில் இருப்பதால் வேகம் குறைந்தால் காற்றும் குறையும். 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். மண்வெட்டி தீட்டவும் வள்ளத்து இரும்பு வேலைக்கும் மட்டும் என்றால் உங்கள் கப்பி தாராளமாகப் போதும், அதையே போடச் சொல்வேன். கத்தி செய்கிறவரோ ஒரே துண்டில் பல தடவை வேகம் மாற்றுகிறவர். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பெல்ட்டை மாற்றச் சொன்னால், இரண்டாம் நாளே மூடியைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவார். மூடி இல்லாத வி-பெல்ட்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதை நான் விரும்பவில்லை.

நிந்தவூரில் இருந்து: தண்ணி மோட்டருக்கு ஃபேன் ரெகுலேட்டர் போட்டால் வேகம் குறையுமா?

குறையாது, பலம்தான் குறையும். அப்புறம் சூடாகி எரியும். காத்தான்குடிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வாழைச்சேனையில் இருந்து: இதே மெசினில் அலுமினியமும் உரைக்கலாமா?

அலுமினியத்துக்கு வேறு பெல்ட், வேறு தூள்வாளி. அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் ஒரே வாளியில் சேர்ந்து, மேலே ஒரு இரும்புப் பொறி விழுந்தால் பிடிக்கும் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றவும் கூடாது. ஒரு உலோகம் முடிந்ததும் மெசினைத் துடைத்து, தூளை வெளியே கொட்டிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். கண்ணாடி, முகமூடி கட்டாயம். கையுறை இங்கும் வேண்டாம், ஓடும் பெல்ட்டுக்கும் மேசைக்கும் இடையில் அது சிக்கும்.

மருதமுனையில் இருந்து: கைத்தறிக்கு ஒரு சின்னக் கருவி இப்படிக் கூட்டாகச் செய்யலாமா?

நல்ல யோசனை. ஆனால் தறி எனக்குத் தெரியாத வேலை. நெய்கிறவர் ஒருவர் படத்துக்குப் பக்கத்தில் உட்காரட்டும், கடைசல் வேலைக்கு நான் வருகிறேன்.

களுவாஞ்சிகுடியில் இருந்து: மொத்தம் எவ்வளவு முடியும்?

மோட்டர் புதிதா பழையதா என்பதைப் பொறுத்தது.

பொத்துவிலில் இருந்து: பழைய தண்ணிக் குழாயை வெட்டிச் சட்டம் ஒட்டலாமா?

நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய் என்றால் வேண்டாம். வெல்டிங் சூட்டில் எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சை முழுக்க உரைத்து எடுத்துவிட்டு, வெளியில், புகை முகத்துக்கு வராதபடி காற்று வீசி வரும் பக்கமாக நின்று ஒட்டுவதென்றால் சரி. அதை விட 50 மி.மீ. பொக்ஸ் பார் (சதுரக் குழாய்) வாங்குவது நல்லது. குழாய் வட்டம் என்பதால் தகடு சமமாக உட்காரவும் மாட்டாது.

செங்கலடியில் இருந்து: தண்ணி மோட்டர் 1 குதிரைவலு இருக்கு...

தண்ணி மோட்டர் பற்றி இனிக் கேட்காதீர்கள். மேலே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

அக்கரைப்பற்று: கடைசியாக ஒன்று. நான் கப்பி ஒன்று கடைந்து அனுப்பினால் உங்கள் சட்டத்தில் மாட்டுவீங்களா?

மாட்டுவேன் காக்கா. மோட்டர் தகட்டில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை போடச் சொல்லி வாழைச்சேனைக்கு இன்றே எழுதுகிறேன். நேரடி இணைப்பும் வரும், கப்பிக்கு மோட்டரைப் பின்னால் தள்ளவும் இடம் இருக்கும். கப்பியின் துளை 24 மி.மீ., சாவிப் பள்ளம் (கப்பி அச்சில் வழுக்காமல் சாவித் துண்டு உட்காரும் இடம்) 8 மி.மீ. அகலம். கப்பியோடு மூடியையும் சேர்த்து அனுப்புங்கள்.