அந்த அடிதடி நிஜம்

கேள்வி: 1977இல் வந்த ‘ஸ்லாப் ஷாட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தைப் பார்த்தேன். ஹாக்கியே தெரியாதவர்கள் எடுத்த படம். ஓர் அணிக்கு ஆறே பேர்! ஆளை மோதித் தள்ளினாலும் நடுவர் விசில் ஊதுவதில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே அடித்துக்கொள்கிறார்கள். காலரிக்குள் ஏறி ரசிகனை உதைக்கிறார்கள். இத்தனை தவறுகள் உள்ள படத்தை ஏன் கொண்டாடுகிறார்கள்? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: கோவில்பட்டியிலிருந்து ஹாக்கி பற்றிக் கேள்வி வந்தால் கொஞ்சம் பயந்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் பார்த்தது உங்கள் ஊர் ஹாக்கி அல்ல, ஐஸ் ஹாக்கி. அதில் கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர்தான். பந்து கிடையாது, ரப்பர் வட்டு. அதை வைத்திருப்பவனை உடம்பால் மோதலாம், விதியே அனுமதிக்கிறது. ஆகவே உங்கள் முதல் இரண்டு தவறுகளும் தள்ளுபடி.

மற்ற இரண்டும் நடந்தவை.

படத்தில் வரும் சார்லஸ்டவுன் சீஃப்ஸ், பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரில் இருந்த ஜெட்ஸ் அணியின் சாயல். அங்கே ஆடிய நெட் டவுட், உடை மாற்றும் அறையிலும் பஸ்ஸிலும் சக வீரர்கள் பேசியதை டேப்பில் பதிவு செய்து அக்காவிடம் கொடுத்தார். அந்த அக்கா நான்சி டவுட்தான் திரைக்கதை ஆசிரியர். காது கூசும் அந்த வசைகளையெல்லாம் தாளில் ஏற்றியது ஒரு பெண். பிற்பாடு வேறொரு படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கரையும் பகிர்ந்துகொண்டவர்.

பஃபலோ நார்ஸ்மென் அணியோடு நடந்த ஒரு பிளே-ஆஃப்பில் (கோப்பைக்கான கடைசிச் சுற்று ஆட்டங்களில் ஒன்று), பயிற்சிக்காக இரு அணிகளும் களத்தில் இறங்கியதுமே ஜெட்ஸ் பாய்ந்துவிட்டது. அடிபட்ட அணி ஆட வர மறுத்தது. வெற்றி ஜெட்ஸ் கணக்கில் சேர்ந்தது. படத்தின் கடைசி ஆட்டத்தில் எதிரணிக்காரன் நடுவரைக் குத்தியதும் கோப்பை சீஃப்ஸுக்குப் போகிறதே, ‘இப்படியும் ஜெயிப்பார்களா’ என்று அதையும் கேட்காமல் விட்டீர்கள், நல்லது.

காலரி விஷயமும் அப்படித்தான். படத்தில் சீஃப்ஸ் அணியில் ஆடும் ஹான்சன் சகோதரர்கள் மூவரில் ஒருவன் முகத்தில் சாவிக்கொத்து வந்து விழுகிறது. மூவரும் மேலே ஏறிச் சம்பந்தமே இல்லாத ஒருவனை வெளுக்கிறார்கள். நிஜத்தில் யூட்டிகா நகரில் ஜெட்ஸ் வீரர் ஜெஃப் கார்ல்சன் மீது ஐஸ் நிரம்பிய கோப்பை வந்து விழுந்தது. கார்ல்சன் சகோதரர்கள் மூவரும் கூட்டத்துக்குள் பாய்ந்தார்கள், மூவரையும் போலீஸ் பிடித்தது. இயக்குநர் ஜார்ஜ் ராய் ஹில் இதில் மாற்றியது ஐஸைச் சாவியாக்கியதுதான். தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடியோடு வரும் அந்த மூவரில் ஜெஃப்பும் ஸ்டீவும் அசல் சகோதரர்கள். மூன்றாமவரான ஜாக்கை எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி ஆட அழைத்துக்கொண்டதால், அந்த வேடத்துக்கு டேவ் ஹான்சன் என்ற ஜெட்ஸ் வீரர் வந்தார். கார்ல்சன்கள் திரையில் ஹான்சன்களானது அவர் பெயரால்தான். அவரை மனதில் வைத்து எழுதிய பாத்திரத்துக்கோ கார்ல்சன் என்று பெயர்! இந்தக் குழப்பத்தைப் பிழை என்று எழுதியிருந்தீர்கள் என்றால்கூட மன்னித்திருப்பேன்.

குறை கண்டுபிடித்தே தீருவேன் என்றால் நாய்ச் சிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1938 வெள்ளத்தில் சார்லஸ்டவுனைக் காப்பாற்றிய நாய் என்று படம் சொல்கிறது. ஜான்ஸ்டவுனில் இருக்கும் அசல் சிலை எவரையும் காப்பாற்றவில்லை. மோர்லி குடும்பத்தின் தோட்டத்து அலங்காரம் அது. 2,209 பேரைப் பலிகொண்ட 1889 வெள்ளத்தில் தானே அடித்துச் செல்லப்பட்டுப் பிறகு கிடைத்தது. நாயகன் பால் நியூமனின் வயதையும் சேர்த்துக்கொள்ளலாம்: படப்பிடிப்பின்போது ஐம்பதைத் தாண்டியவர், அணியில் ஆடவும் செய்கிறார், பயிற்சியும் கொடுக்கிறார். எனக்கு அது உறுத்தவில்லை. மூடப்போகும் எஃகு ஆலை, அதை நம்பியிருந்த ரசிகர்கள், விற்பதைவிடக் கலைத்தால்தான் வரியில் லாபம் என்று உரிமையாளரே கைவிடும் அணி என்று போகும் கதைக்குக் களைத்த முகம்தான் பொருந்துகிறது.

ஜெட்ஸ் 1977இலேயே கலைந்துவிட்டது. பத்தாண்டு கழித்து அந்த ஊரில் புது அணி பிறந்தபோது அதற்கு வைத்த பெயர் சீஃப்ஸ், படத்திலிருந்து எடுத்ததுதான். அதன் தொடக்க காலப் பயிற்சியாளர்களில் ஒருவர் ஸ்டீவ் கார்ல்சன். அடுத்த கடிதத்தில் அதையும் தவறு என்று எழுதிவிடாதீர்கள்.