சிறுநீர் தாராளமாகப் போனால் சிறுநீரகம் நலம் என்று கொள்ளலாமா?

கேள்வி: என் வயது 60, பெண். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.3 என்று வந்தது, 1.2 வரை இயல்பு என்று ஆய்வகம் குறித்திருக்கிறது. வலியோ வீக்கமோ இல்லை. சிறுநீர் தாராளமாகப் போகிறது; இரவில் மட்டும் இரண்டு முறை எழ வேண்டியிருக்கிறது. இந்த 0.1 கூடுதலைப் பொருட்படுத்த வேண்டுமா? தண்ணீர் அதிகம் குடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: பொருட்படுத்தத்தான் வேண்டும். அச்சப்படத் தேவையில்லை, ஆனால் அறிக்கையை மடித்து வைத்துவிடவும் கூடாது.

சிறுநீர் நன்றாகப் போவதால் சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது ஏன் சரியல்ல என்பது சிறுநீரகம் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் விளங்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டும் அலகுகள், உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பகுதியிலும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு ஒன்று இருக்கிறது. இரத்தத்தின் அழுத்தத்தால் நீரும், உப்புகளும், சர்க்கரையும், யூரியா போன்ற கழிவுகளும் அங்கே வடிந்து இறங்க, இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. நல்ல உடல்நலமுள்ள ஒருவருக்கு இப்படி வடியும் நீர் நிமிடத்துக்குச் சுமார் 125 மி.லி., அதாவது நாளொன்றுக்கு 180 லிட்டர். அடுத்து வரும் நீண்ட நுண்குழல், உடலுக்கு வேண்டிய சர்க்கரை முழுவதையும், உப்பிலும் நீரிலும் நூற்றில் 99 பங்கையும் இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சுவது ஒன்றரை லிட்டர் அளவு, அதுதான் சிறுநீர்.

ஆகவே, வடிதல் பாதியாகக் குறைந்து 90 லிட்டரானாலும், நுண்குழல்கள் சற்றுக் குறைவாக மீட்டெடுத்தால் போதும், சிறுநீர் அதே ஒன்றரை லிட்டராகவே வெளிவரும். சிறுநீரின் அளவு நீங்கள் குடிக்கும் நீரை ஒட்டியே பெரும்பாலும் அமைகிறது. வடிகட்டும் திறனைப் பற்றி, நோய் வெகுதூரம் முற்றும்வரை, அது எதையும் சொல்வதில்லை. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை வலியின்மையும் ஒரு சான்றாகாது.

கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு; வடிதல் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். தசை அதிகமுள்ள 25 வயது ஆணுக்கும் 60 வயதுப் பெண்ணுக்கும் அது ஒரே அளவில் உண்டாவதில்லை. ஆகையால் ஒரே எண் இருவருக்கும் ஒரே பொருளைத் தராது. வயதையும் பாலினத்தையும் சேர்த்து, நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகிறது என்று கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மதிப்பீட்டின்படி, 1.3 என்பது அந்த இளைஞருக்கு ஏறத்தாழ 78. உங்களுக்கோ ஏறத்தாழ 47. இது 60-க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்று வகைப்படுத்துகிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள்: கிரியாட்டினின் 1-லிருந்து 2 ஆகும்போது வடிகட்டும் திறனில் பாதிக்கு மேல் போய்விடுகிறது, 4-லிருந்து 5 ஆகும்போது இழப்பது மிகக் குறைவு, ஏனெனில் இழக்க அங்கே மிச்சமே கொஞ்சம்தான். தொடக்கத்தில் தோன்றும் சிறு ஏற்றமே பெரிய செய்தி என்பதால்தான் உங்கள் 0.1-ஐ நான் அலட்சியம் செய்யச் சொல்லவில்லை.

இருப்பினும் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. முந்தைய நாள் இறைச்சி உண்டிருந்தாலும், உடலில் நீர் வற்றியிருந்தாலும், சில மருந்துகளாலும் எண் தற்காலிகமாக உயரும். பழைய அறிக்கைகள் இருந்தால் தேடி எடுங்கள். ஐந்து ஆண்டுகளாக 1.3 என்பது வேறு, சென்ற ஆண்டு 0.8 என்பது வேறு. ஓரிரு வாரத்தில் மறுபரிசோதனை செய்யும்போது, சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தப் பரிசோதனையைத்தான். அல்புமின் புரதம் கசிகிறது என்றால் வடிகட்டியே பழுதுபட்டிருக்கிறது என்று பொருள். விகிதம் 30-க்குக் கீழே இருப்பது நல்லது. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் அளந்தாக வேண்டும், நாட்பட்ட சிறுநீரக நோய்க்குப் பெரும்பாலும் வழிவகுப்பவை அவையே.

இரவில் எழுவதற்கு மாலையில் குடிக்கும் நீர், உயர்ந்த சர்க்கரை, நீர் பிரிக்கும் மாத்திரை எனப் பல காரணங்கள் உண்டு. சிறுநீரைச் செறிவாக்கும் திறனை நுண்குழல்கள் இழப்பதும் அவற்றில் ஒன்று. மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, நீர் வற்றியதால் எண் உயர்ந்திருந்தால் குடித்தால் இறங்கும். நெஃப்ரான்கள் சேதமடைந்திருந்தால், குடம் குடமாகக் குடித்தாலும் அவை மீளா. தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: மூட்டு வலிக்கோ தலைவலிக்கோ ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கி விழுங்குபவராயின் நிறுத்திவிடுங்கள். வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயை விரித்து வைத்திருக்கும் பொருளையே அவை தடுக்கின்றன. ஆனால் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருத்துவர் தந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். அவற்றில் சில சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே தரப்படுபவை. முகமோ காலோ வீங்கினால், சிறுநீரின் அளவு சட்டெனக் குறைந்தால், மூச்சு வாங்கினால், மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.