வெளியூர் போகும்போது வீட்டையும் நகையையும் திருடர்களிடமிருந்து காப்பாற்ற எந்தப் பூட்டு நல்லது?

இரண்டு நாள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகப் போவதாகவும், வீட்டில் கொஞ்சம் நகை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பூட்டு என்று கேட்டதால் எங்கள் வீட்டுப் பூட்டின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில், சர்வீஸ் ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே. 2017இல் ஒரு பௌர்ணமிக்கு எல்லோருமாகத் திருவண்ணாமலை கிரிவலம் போனோம். பதினாலு கிலோமீட்டர் நடந்து, விடியற்காலை பஸ் பிடித்து வந்து சேர்ந்தால் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பூட்டு உடையவே இல்லை. அப்பா திண்டுக்கல்லிலிருந்து ஆசையாக வாங்கி வந்த கனத்த பூட்டு, பூட்டியது பூட்டியபடி நாதாங்கியோடு சேர்ந்து தொங்கியது. அந்த நாதாங்கியைக் கதவில் பிடித்திருந்தவை நாலே நாலு சின்ன ஸ்க்ரூக்கள். கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு நெம்பியிருக்கிறார்கள், மரத்தூளோடு கையில் வந்துவிட்டது. பதினோரு சவரன் போச்சு.

ஆகவே பூட்டுக் கடைக்குப் போகுமுன் தச்சரைக் கூப்பிடுங்கள். நாதாங்கிக்கு ஸ்க்ரூ வேண்டாம். கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு வைத்து முறுக்கும் போல்ட் போடச் சொல்லுங்கள். நிலையில் தாழ்ப்பாள் நுழையும் இடத்துக்கு ஓர் இரும்புப் பட்டை. முன்கதவு தேக்காக இருக்கும், பின்கதவு வெறும் ப்ளைவுட்டாக இருக்கும். இதுவும் பல வீடுகளின் கதைதான். மாடிப்படிக் கதவை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு அக்னி நட்சத்திரத்தில் பாதித் தெரு மொட்டை மாடியில்தான் படுக்கும். கீழே முன்கதவைச் சும்மா சாத்திவிட்டு மேலே போய்ப் படுப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். வெளியூர் போனால்தான் திருட்டு என்றில்லை.

சரி, கதவு கெட்டியாகிவிட்டது. அடுத்தது, வீட்டில் ஆள் இல்லை என்பதை வீடே ஊருக்குச் சொல்லாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் வீடு தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. கேட்டில் வெளிப்பக்கமாகப் பூட்டு, முதல் நாள் மத்தியானத்திலிருந்தே எரிந்த வாசல் லைட். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: வாசல் கோலம். தெருவில் எல்லா வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்க, ஒரு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தால் போகிற வருகிறவனுக்கு வேறு விவரமே வேண்டாம். இப்போது நாங்கள் கிளம்பினால் எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலிலும் ரெண்டு இழை இழுத்துவிடுவார், பால் பாக்கெட்டையும் பேப்பரையும் எடுத்து வைத்துக்கொள்வார். அவர்கள் போனால் நாங்கள். கேட் பூட்டை உள்பக்கமாகத் தொங்கவிடுகிறோம். ஹாலில் ஒரு பல்புக்கு டைமர் பிளக், சாயங்காலம் எரிந்து பத்தரைக்கு அணையும். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டோ போடுவது ஊர் திரும்பிய பிறகுதான். என் தங்கையிடம் இதைச் சொல்லித்தான் வாய் வலிக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் போகிற தேதி, வருகிற தேதி, போன் நம்பர் எழுதிக் கொடுத்தால் ராத்திரி ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். கூச்சப்படாமல் போய்க் கொடுங்கள்.

கேமரா போடலாமா என்றால், போடலாம். ஆனால் அது காவல்காரன் இல்லை. 2021 டிசம்பரில் இதே வேலூரில், தோட்டப்பாளையத்தில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்பக்கச் சுவரைத் துளைத்து உள்ளே போனவர் சிங்க முகமூடி போட்டுக்கொண்டு கேமராக்கள்மேல் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தார். சுமார் 15 கிலோ தங்கம். சில நாளில் ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்திருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். அவ்வளவு பெரிய கடைக்கே அந்த கதி. வீட்டுக் கேமரா என்றால் பதிவாகும் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

நகைக்கு வீடு சரியான இடமே இல்லை, வங்கி லாக்கர்தான். எங்கள் வீட்டில் பீரோவுக்கு நல்ல பூட்டு, அதன் சாவி பீரோ தலைமேலேயே. புடவை மடிப்பு, அரிசி டப்பா, சாமி படத்துக்குப் பின்னால் என்று நாம் ஒளிக்கிற எல்லா இடமும் அவர்களுக்கு மனப்பாடம். லாக்கரிலும் ஒரு சங்கதி தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி திருட்டு, தீ, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றில் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது எத்தனை சவரன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீதிக்கு நகைக்கென்று தனியாக இன்சூரன்ஸ் எடுக்கலாம். எடுத்தால் ஒவ்வொரு நகையையும் மதிப்போடு எழுதச் சொல்லுங்கள். பூட்டை, கதவை உடைத்த அடையாளம் இருந்தால்தான் பணம் என்று பல பாலிசிகளில் இருக்கும். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய், அதை எடுத்தே திறந்துவிட்டான் என்றால் கையை விரித்துவிடுவார்கள்.

பில்லும் போட்டோவும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். எங்களிடம் பாதிக்குத்தான் பில் இருந்தது. மீதிக்கு என் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், "இதோ இந்த ஆரம், இந்த வளையல்" என்று பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினோம்.

கடைசியாக, நடக்கவே கூடாது, ஒருவேளை நடந்துவிட்டால் எதையும் தொடாமல் வெளியே வந்து 100க்கோ 112க்கோ போன் செய்யுங்கள். அன்றைக்கு மோப்ப நாய் சர்வீஸ் ரோடு வரை ஓடி நின்றுவிட்டது. கைரேகை எடுக்க வந்தவர் பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் வருவதற்குள் அம்மா அழுதுகொண்டே தரையில் இறைந்து கிடந்த புடவைகளை எல்லாம் மடித்து உள்ளே அடுக்கி, பீரோ கதவையும் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார்.