முதிரை, பாலை மரங்களை மட்டும் தெரிவுசெய்து வெட்டினால் இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக் காடு பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படும். காட்டை மொட்டையாக வெட்டுவதைவிட இது நல்லதுதான். ஆனால் சாயும் மரம் பக்கத்துக் கன்றுகளையும் முறித்துக்கொண்டே விழுகிறது. பிறகு மரக்குற்றியை உழவு இயந்திரத்தில் கட்டி இழுக்கிறார்கள். அந்தத் தடத்தில் மண்வெட்டியால் கொத்திப் பாருங்கள், மண் இறுகிக் கிடக்கும். மாரி மழை அங்கே ஊறாமல் ஓடி, மேல்மண்ணை அரித்துக் குளத்தில் சேர்க்கிறது. யானையைக் கொண்டு இழுத்தால் இந்தக் கேடு குறைவு.

எனக்கு அதிகம் வலிப்பது பாலை. யாழ்ப்பாணத்தில் உதட்டில் பால் ஒட்ட ஒட்ட நாம் தின்னும் பாலைப்பழம் அந்தக் காட்டுக் கரடிக்கும் உணவு. மிக மெதுவாக வளரும் மரம் அது. நேராக முற்றிய மரங்களையே தேடி வெட்டினால், கோணல் மரங்களின் விதைதான் மண்ணில் விழும்.