மார்கழி நோன்பு: வாசகர் கேள்வி – பதில்

கணவர் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. இந்த வருடம் கோலம் கூடாது, திருப்பாவையும் கூடாது என்கிறார்கள் உறவினர்கள். நாற்பது வருடப் பழக்கம். ஆனால் பாட உட்கார்ந்தால் இரண்டு வரியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. விட்டுவிடவா?
*– வாசகி, கும்பகோணம்*

விட வேண்டாம் அம்மா. துக்கம் நடந்த வீட்டில் வருஷாப்திகம் (முதல் வருடத் திதி) முடியும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது பரவலான வழக்கம். புதுத்துணி, பலகாரம், பொங்கல் பானை போன்றவற்றுக்குத்தான் அது. தினசரி விளக்கையும் பாராயணத்தையும் தீட்டு கழிந்ததும் தொடர்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. வாசல் கோலம் வீட்டுக்கு வீடு மாறும். அதில் மனத்தாங்கல் வரும் என்றால் சுவாமி விளக்குக்கு முன்னால் ஐந்து புள்ளி வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பாவையின் இரண்டாம் பாட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நெய்யும் பாலும் உண்ண மாட்டோம், மை தீட்ட மாட்டோம், பூ முடிக்க மாட்டோம் என்பதுதான் அந்த நோன்பின் கட்டுப்பாடு. இயன்றமட்டும் கொடுப்பதும் அதில் சேர்ந்தது. பூவும் மையும் இல்லாததால் நோன்புக்குத் தகுதி போய்விட்டது என்று யார் சொன்னாலும் ஆண்டாள் அப்படிச் சொல்லவில்லை.

தொண்டை அடைக்கும் நாட்களில் ராகம் வேண்டாம். பாட்டுக்கு எட்டு அடிதான். பதம் பிரித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு உரைநடை போல மெதுவாக வாசியுங்கள். இரண்டு அடியில் நின்றால் அன்றைக்கு அது போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு பாட்டாகச் சேர்த்துச் சொல்லாதீர்கள். அந்தந்தத் தேதியின் பாட்டை மட்டும் எடுங்கள். பாக்கியைத் துரத்துகிறவர்கள்தான் பத்தாம் நாளில் புத்தகத்தை மூடி வைக்கிறார்கள். நாளுக்கு ஒன்றாக முப்பது பாட்டு என்பதால், மார்கழிக்கு 29 நாள் வரும் ஆண்டில் மட்டும் கடைசி இரண்டு பாட்டையும் ஒன்றாகச் சொல்வது வழக்கம்.

இன்னொன்று. 6 முதல் 15 வரை பத்துப் பாட்டும் ஒவ்வொரு தோழியின் வாசலில் நின்று அவளை எழுப்புகிற பாட்டு. அந்த நோன்பைத் தனியாக யாரும் நோற்கவில்லை. அந்தப் பத்து நாளாவது ஒரு தோழியைத் தொலைபேசியில் அழைத்து, ஆளுக்கு நான்கு அடியாகச் சொல்லுங்கள். உங்கள் குரல் நின்ற இடத்தில் அவர் தொடர்வார்.

வைகுண்ட ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவன். இப்போது வயது 61, சர்க்கரைக்கு மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறேன். இருக்கலாமா?
*– வாசகர், மதுரை*

பழைய முறையில் வேண்டாம். இன்சுலினும் சில மாத்திரைகளும் சாப்பாடு இல்லாதபோதும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போய் அன்றைய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. முடியாதவர்களுக்குப் பால், பழம், அரிசி சேராத பலகாரம் என்று சம்பிரதாயமே இடம் கொடுக்கிறது. கை நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. ஏறியதும் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். விரதம் முறிந்ததே என்று அந்த நேரத்தில் தயங்குவதுதான் ஆபத்து.

கண்விழிப்பையும் பாராயணமாக மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் எப்போதும்போல.

ஐந்து மாதக் கைக்குழந்தை. நாலரை மணிக்கு எழுந்து குளித்துப் பாட முடியவில்லை.
*– வாசகி, கோவை*

குழந்தை விழிக்கும் நேரமே உங்களுக்கு விடியல். பால் கொடுக்கும்போது அன்றைய பாட்டைத் தாலாட்டாகச் சொல்லுங்கள். குளியல் பிறகு ஆகட்டும்.

மாமியார் போன பிறகு கூடாரவல்லி (மார்கழி 27, அக்கார அடிசில் படைக்கும் நாள்) என் கைக்கு வந்திருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் இரண்டே பேர். போன வருடம் அக்கார அடிசிலில் பால் திரிந்துவிட்டது.
*– வாசகி, ஸ்ரீரங்கம்*

இருவருக்குப் பச்சரிசி அரை கப், வறுத்த பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, பால் 4 கப், பொடித்த வெல்லம் 1 கப், நெய் கால் கப். அடி கனமான பாத்திரத்தில் பாலிலேயே அரிசியும் பருப்பும் குழைய வேக வேண்டும். மசித்தால் விரலில் பருக்கை தட்டுப்படக் கூடாது, ஏனென்றால் வெல்லம் சேர்ந்த பிறகு அரிசி வேகாது.

பால் திரிவது வெல்லத்தால். கொதிக்கும் பாலில் வெல்லத்தை நேராகப் போட்டால் அதன் புளிப்பு பாலை முறித்துவிடும். கால் கப் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அடிசிலை அடுப்பிலிருந்து இறக்கிப் பத்து நிமிடம் கழித்துப் பாகைச் சேருங்கள். பிறகு சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் போதும். நெய்யில் பாதியைக் கிளறும்போது விடுங்கள். மீதியில் முந்திரி, திராட்சை வறுத்து, ஏலக்காயோடு கடைசியில் கொட்டுங்கள். ஆறினால் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள். இரண்டு பேருக்கு அதிகமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் சூடாகவே கொடுத்தனுப்பலாம்.