ஒரு நாள் கைல இருக்கு, சரயேவோவ எப்படிப் பாக்கறது? கேள்வி பதில்

போஸ்னியாவோட தலைநகரம் சரயேவோவுக்கு மூணு தடவ முதுகுல பையோட தனியா போயிருக்கேன். ஐரோப்பால நான் பாத்த ஊருங்கள்ல மனுஷங்களுக்காகவே திரும்பத் திரும்பப் போன ஊர் இது ஒண்ணுதான். கேளுங்க சொல்றேன்னு சொன்னதும் நிறைய பேர் கேட்டுட்டீங்க, ஒவ்வொண்ணா வர்றேன்.

அக்கா, மோஸ்டார்ல இருந்து காலைல வர்றேன், மறுநாள் விடிகாலைல பஸ். ஒரே நாள்தான். எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?

மோஸ்டார்ல இருந்துன்னா ட்ரெயின்ல வாங்க தம்பி, ரெண்டு மணி நேரம்தான், நெரெட்வா ஆத்த ஒட்டியே மலைக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு வரும், தண்ணி அப்படி ஒரு பச்சை. கொஞ்ச வண்டிதான் ஓடுது, முன்னாடியே நேரம் பாத்து வச்சுக்கோங்க. ஸ்டேஷன்ல இருந்து 1ஆம் நம்பர் டிராம் பிடிச்சா நேரா பாஷ்சார்ஷியா, அதாவது ஒட்டோமான் காலத்துக் கடைத்தெரு. நடுவுல மரத்துல செஞ்ச ஒரு தண்ணிப் பந்தல் மாதிரி இருக்கும், செபில்னு பேரு, சுத்தி ஒரே புறா. அங்கேர்ந்து ஃபெர்ஹாதியா தெருவுல மேற்கால நடங்க. தரையில ஒரு கோடு போட்டு 'கலாச்சாரங்கள் சந்திக்கும் இடம்'னு எழுதியிருப்பாங்க. அதுமேல நின்னு கிழக்கால பாத்தா துருக்கி ஊர், தாழ்ந்த ஓட்டுக் கடைங்க, மினார். மேற்கால திரும்பினா வியன்னா மாதிரி உசரமான கட்டடங்க. 1878ல ஆஸ்திரியா-ஹங்கேரிக்காரங்க வந்து மிச்ச ஊரக் கட்டுனாங்க, அதான். 1531ல கட்டின காசி ஹுஸ்ரெவ்-பேக் மசூதி, பழைய யூதக் கோயில், ஆர்த்தடாக்ஸ் சர்ச், கத்தோலிக்க கதீட்ரல் எல்லாம் கொஞ்ச நேர நடைலயே வந்துடும்.

மசூதி பக்கத்துல மணிக்கூண்டு இருக்கு, அதுல மணி தப்பா இருக்கேன்னு நினைக்காதீங்க. சூரியன் மறையறப்போ பன்னெண்டு காட்டற மாதிரி வச்சிருக்காங்க, அதுக்காக ஒரு ஆள் அடிக்கடி மேல ஏறி முள்ளத் திருத்திட்டு வர்றார்.

ஆத்தங்கரைக்கு வந்தா லத்தீன் பாலம். 1914 ஜூன் 28, ஆஸ்திரியா-ஹங்கேரி பட்டத்து இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டோட கார் தப்பான திருப்பத்துல திரும்பி, அவரச் சுட்டுக் கொன்னது இந்த முனைலதான், முதல் உலகப்போர் இங்கேர்ந்துதான் கிளம்புச்சு. நின்னு பாத்தா நம்மூர் வாய்க்கா பாலம் அளவுக்குத்தான் இருக்கும். மத்தியானத்துக்கு மேல ஒண்ணும் பிளான் போடாதீங்க, ஏன்னு அடுத்த பதில்ல சொல்றேன்.

ஊர்க்காரங்க நல்லா பேசுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா நமக்கு அவங்க பாஷை தெரியாதே, எப்படிப் பேச்சு குடுக்கறது?

காபில இருந்துதான். முதல் தடவ போனப்போ கஸாண்ட்ஜிலுக்னு செம்பு தட்டுற தெருவுல ஒரு பெரியவர் தட்டு மேல சுத்தியலால புள்ளி வச்சுக்கிட்டிருந்தார், நான் கையில மேப்ப வச்சிக்கிட்டு வேகமா ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்பறேன், அவர் நிமிந்து பாத்து "போலாகோ"ன்னார், மெதுவான்னு அர்த்தம், பக்கத்து முக்காலியக் காட்டினார், உக்காந்துட்டேன். ஒரு சின்ன செம்புத் தட்டு வந்துச்சு, அதுல ஜெஸ்வான்னு நீளக் கைப்பிடி வச்ச குட்டிப் பாத்திரத்துல காபி, ஃபில்ஜான்னு கைப்பிடியே இல்லாத கிண்ணம், சர்க்கரைக் கட்டி, லோகும்னு மெத்துனு இருக்கற மிட்டாய் ஒரு துண்டு. நான் சர்க்கரைய உள்ள போட்டுக் கலக்கப் போனேன், என் கையப் பிடிச்சுத் தடுத்துட்டார். முதல்ல ஸ்பூனால மேல இருக்கற நுரையக் கிண்ணத்துல எடுத்துப் போடணும், அப்புறம் மெதுவா ஊத்தணும், அடில மண்டி நிக்கும் அதைக் கிளறக் கூடாது, சர்க்கரைக் கட்டியோட ஒரு மூலைய மட்டும் காபில நனைச்சுக் கடிச்சுட்டு அதுமேல ஒரு வாய் குடிக்கணும். இத அவர் ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லாம எனக்குச் சொல்லிக் குடுத்தார். முக்கால் மணி நேரம். நடுவுல பக்கத்துக் கடைக்காரர், அவரோட மருமகன், தபால் கொண்டு வந்தவர்னு எல்லாரும் வந்து நின்னு என்னப் பத்தி விசாரிச்சுட்டுப் போனாங்க.

அதனாலதான் மத்தியானத்தக் காலியா வைங்கன்னேன். அவசரமா நிக்கறவங்ககிட்ட அங்க யாரும் பேச மாட்டாங்க, உக்காந்தா விட மாட்டாங்க. 'ஹ்வாலா' நன்றி, 'டோபர் டான்' வணக்கம், 'மோஜெ' சரிங்க, இந்த மூணு போதும். இன்னொண்ணு, துருக்கி காபின்னு சொல்லிடாதீங்க, போஸ்னிய காபி, அதுல அவங்களுக்கு ரோஷம் உண்டு.

ப்யூர் வெஜ் நான். பட்டினிதானா?

இல்லவே இல்ல. செவாப்பி முழுக்கக் கறி, அத விட்டுடுங்க. பேக்கரி மாதிரி இருக்கற கடைல மெல்லிசான மாவுக்குள்ள எதையாவது வச்சுச் சுருட்டிச் சுட்டுத் தருவாங்க: சிர்னிட்சா பாலாடைக்கட்டி வச்சது, ஸெல்யானிட்சா கீரை வச்சது, க்ரொம்பிருஷா உருளைக்கிழங்கு வச்சது. ஆனா 'புரெக்'னு மட்டும் கேக்காதீங்க, மத்த நாட்டுல எல்லாத்தையும் புரெக்ம்பாங்க, சரயேவோல புரெக்ன்னா கறி வச்சது மட்டும்தான். மேல தயிர் ஊத்தித் தருவாங்க, சாப்பிட்டுப் பாருங்க, அருமையா இருக்கும்.

பொண்ணு தனியா போகலாமா அக்கா? வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

போகலாம்மா. எல்லா ஊர்லயும் இருக்கற ஜாக்கிரதை இங்கயும் வேணும், டிராம்ல பையக் கவனமா வச்சுக்கோ. ரெண்டாவது தடவ சாயங்காலம் மஞ்சள் கோட்டைல உக்காந்து ஊரே விளக்கேத்தறதப் பாத்துட்டு இறங்கறேன், வ்ராட்னிக் பக்கம் சந்துங்க செங்குத்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும், போன் செத்துப்போச்சு. ஒரு பாட்டி வாசல்ல துணி எடுத்துக்கிட்டிருந்தாங்க, ஹாஸ்டல் பேரச் சொன்னேன், வீட்டு செருப்போடவே என் முழங்கையப் பிடிச்சுக்கிட்டு அந்த எறக்கத்துல டிராம் ஸ்டாப் வரைக்கும் வந்து விட்டுட்டு, ஏறி உக்காந்தப்புறம்தான் திரும்பினாங்க. மலை ஏறிப் போகணும்னா மட்டும் போட்ட பாதைய விட்டு விலகாத, போர்க்காலத்துக் கண்ணிவெடி நாட்டுல இன்னும் சில இடத்துல இருக்கு.

வணக்கம் அக்கா, நான் சுவிஸில இருக்கிறன், சொந்த இடம் யாழ்ப்பாணம். என்னோட வேலை செய்யிற போஸ்னியாக்காரர் ஒருத்தர் ஊருக்கு வா எண்டு கூப்பிடுறார். சண்டையைப் பற்றி அந்தச் சனத்திட்ட கேக்கலாமோ?

உங்க கேள்வியப் படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன் தம்பி. நடக்கறப்போ தரையில பாருங்க, பூ மாதிரி சிதறின பள்ளம் இருக்கும், சிவப்புப் பிசின் ஊத்தி நிரப்பியிருப்பாங்க. ஷெல் விழுந்து ஆளுங்க செத்த இடம் அது, சரயேவோ ரோஜான்னு பேரு. 1992 ஏப்ரல்ல இருந்து 1996 பிப்ரவரி வரைக்கும் 1,425 நாள் போஸ்னிய செர்பியப் படைங்க ஊர முற்றுகை போட்டு வச்சிருந்தாங்க. 2012ல செத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணுன்னு 11,541 சிவப்பு நாற்காலிய நடுத்தெருவுல வரிசையாப் போட்டாங்க. ஆத்தங்கரைல இருக்கற விஜெச்னிட்சா அப்போ தேசிய நூலகம், 1992 ஆகஸ்ட்ல எரிஞ்சுச்சு, புத்தகத்துல பெரும்பகுதி சாம்பலாப் போச்சு. 2014ல திரும்பத் திறந்தாங்க. நூலகம் எரியறதுன்னா என்னன்னு யாழ்ப்பாணத்துல பொறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

நீங்களாக் கேக்க வேண்டாம்ங்கறது என் எண்ணம், அவங்களே ஆரம்பிப்பாங்க. நீங்க எங்கேர்ந்து வர்றீங்கன்னு முதல்ல சொல்லிடுங்க. ஏர்போர்ட்டுக்கு அடியில 1993ல தோண்டின சுரங்கத்த உங்க நண்பரோடவே போய்ப் பாருங்க, முற்றுகைல ஊருக்குள்ள சாப்பாடும் மருந்தும் அது வழியாவும் வந்துச்சு. ஒரு சின்னத் துண்டுதான் இப்போ திறந்திருக்கு, குனிஞ்சுதான் நடக்கணும்.

ஷெங்கன் விசால போலாமா?

போஸ்னியா ஷெங்கன்ல இல்ல, அதனால சிங்கிள் என்ட்ரி விசாவோட வெளிய வந்துட்டா திரும்ப உள்ள போக முடியாது, இதுல நிறைய பேர் மாட்டிக்கறாங்க. மல்ட்டிபிள் என்ட்ரின்னாலும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தூதரகத்துல கேட்டுக்கோங்க. காசு மார்க்கா, ஒரு யூரோவுக்கு கிட்டத்தட்ட ரெண்டு. சின்னக் கடைல கார்டு எடுக்க மாட்டாங்க.

வீட்டுக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?

ஜெஸ்வா வாங்குங்க. தோட்டா உறைல செஞ்ச பேனா கடைகடையா தொங்கும், எனக்கு அத வாங்க மனசு வரல. ஜெஸ்வா வாங்கறப்போ கையில எடுத்துப் பாருங்க, எடை கம்மியா, வழவழன்னு இருந்தா மெஷின்ல அடிச்சது. கையால செஞ்சது கனமா இருக்கும், வெளில சுத்தியல் பட்ட புள்ளி ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்காது, உள்ள நம்ம பித்தளைப் பாத்திரம் மாதிரியே ஈயம் பூசியிருக்கணும். தட்டற சத்தம் கேக்கற கடையாப் பாத்துப் போங்க.